63 ஆம்பியரை நான்கு சார்ஜருக்குப் பங்கு போட்ட கதை

நான்கு சாக்கெட்டிலும் மின்சாரக் கார் நிற்கிறது, நான்கிலும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. மெயின் பிரேக்கர் பக்கம், கம்பியைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் மூன்று ஃபேஸும் 60 ஆம்பியரைத் தாண்டவில்லை. இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தாலும் அப்படியேதான். இந்த நிலைக்கு வந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இதற்கு முன் எழுதியிருந்தால் பாதி தப்பாக இருந்திருக்கும்.

நாங்கள் செய்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சில பேர் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் வந்து காரைச் செருகி ஏற்றிக்கொள்ளும்படி ஒரு பொது நிறுத்துமிடத்தில் நான்கு ஏசி சார்ஜர் வைத்தோம். அவற்றை ஒரே சர்வரில் இணைத்து, அடுத்த இடத்தையும் அதே சர்வரில் சேர்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். சார்ஜரை வாங்கிச் சுவரில் மாட்டுவது இதில் சின்ன வேலை. கிடைக்கிற மின்சாரத்தைப் பகிர்வதிலும், சர்வர் காணாமல்போன நேரத்தில் என்ன நடக்கும் என்பதிலும்தான் எங்கள் நேரம் எல்லாம் போனது.

முதலில் கணக்கு. கிடைத்த இணைப்பு 400 வோல்ட் மூன்று ஃபேஸ், ஃபேஸுக்கு 63 ஆம்பியர். சுமார் 43 கிலோவாட் வரும். வைக்க நினைத்தது, கார் கேபிளைச் செருகும் டைப் 2 என்கிற ரகச் சாக்கெட் உள்ள 22 கிலோவாட் சார்ஜர்கள். ஒவ்வொன்றும் முழு வேகத்தில் ஓடினால் ஃபேஸுக்கு 32 ஆம்பியர் இழுக்கும், நான்கும் சேர்ந்தால் 128. கையில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. பெரிய இணைப்பு வாங்கிவிடலாம் என்று குழுவில் ஒரு பேச்சு, டிசி வேக சார்ஜர் ஒன்றை வைத்தால் போதுமே என்று இன்னொரு பேச்சு. 50 கிலோவாட் டிசி சார்ஜர் ஒன்றை முழுதாக ஓட்டவே எங்கள் இணைப்பு போதாது. அதோடு, அங்கே கார்கள் மணிக்கணக்கில் நிற்கின்றன. நான்கு மணி நேரம் நிற்கப்போகிற காருக்கு 22 கிலோவாட் கொடுத்து என்ன ஆகப்போகிறது? பங்கு போட்டுக் கொடுப்பது என்று முடிவானது.

மொத்தச் செலவில் சார்ஜர்களை விட அதிகமாக விழுங்கியது பள்ளம். தோண்டி, குழாய் பதித்து, மூடி, மேலே தளம் போட்டு முடிப்பதற்குள் பட்ஜெட்டில் பெரும்பகுதி காலி. பேனலிலிருந்து சார்ஜர் வரை 60 மீட்டர். 16 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போட்டால் கிலோமீட்டருக்கு 1.15 ஓம், சூடானால் 1.4 பக்கம் போகும். 63 ஆம்பியர் ஓடும்போது சுமார் 9 வோல்ட் விழும், அதாவது இரண்டேகால் சதவீதம். இது ஓட்டக்கூடிய கணக்குதான். ஆனாலும் 25 சதுர மி.மீ. போட்டோம், வீழ்ச்சி 6 வோல்ட்டுக்குக் கீழே வந்தது. காரணம் வோல்ட் மட்டுமில்லை. வெந்நீர் ஹீட்டர் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும், சார்ஜரோ இரவு முழுக்க அதே ஆம்பியரில் ஓடும். மண்ணுக்குள் குழாயில் கிடக்கிற கேபிளுக்கு ஆறிக்கொள்ள நேரமே கிடைக்காது. அப்புறம், பக்கத்திலேயே ஒரு காலிக் குழாயையும் உள்ளே கயிறோடு போட்டு வைத்தோம். அந்த ஒரு குழாய்க்கு ஆன கூடுதல் செலவு, மறுபடி தோண்டுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அடுத்த இடத்தில் மாற்றப்போவது ஒன்றுதான்: இரண்டு வளைவுகளுக்கு நடுவில், கேபிளைப் பிடித்து இழுக்க ஒரு இழுவைக் குழி கட்டாயம் வேண்டும். 25 சதுர மி.மீ. கேபிளை இரண்டு வளைவு தாண்டி இழுக்கும்போது நான்கு பேருக்கும் கை விட்டுப்போனது.

பேனலில் ஒவ்வொரு சார்ஜருக்கும் தனியாக 40 ஆம்பியர் பிரேக்கர், தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம். செலவைக் குறைக்க நான்குக்கும் சேர்த்து மேலே ஒரே ஆர்சிசிபி போடலாமே என்று யோசனை வந்தது. வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் டிசி கசிவு. கார் உள்ளே இருக்கும் சார்ஜர் பழுதானால் டிசி கசியலாம். டைப் ஏ ஆர்சிசிபி 6 மில்லி ஆம்பியர் வரை டிசி இருந்தாலும் சரியாக வேலை செய்யும் என்றுதான் உத்தரவாதம், அதற்கு மேல் போனால் மந்தமாகி, விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். எங்கள் சார்ஜர்களுக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி உணரி இருக்கிறது, ஆனால் அது அந்த ஒரு சார்ஜருக்குத்தான் காவல். நான்கு சார்ஜரும் தலா 5 கசியவிட்டால் ஒரு உணரியும் வாயைத் திறக்காது, மேலே இருக்கிற பொது ஆர்சிசிபி வழியாக 20 போகும். அதனால்தான் தனித்தனி.

டெர்மினல்களை, முடுக்கும் விசையை அளவாக வைக்கும் டார்க் ஸ்குரூடிரைவரில், பிரேக்கர் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கே முடுக்கினோம். நுண்ணிழைக் கம்பிகளுக்கு முனையில் ஃபெருல் என்கிற உலோகக் குப்பி மாட்டாமல் எதையும் செருகவில்லை. ஓடத் தொடங்கிய பிறகு ஒரு தடவை எல்லாவற்றையும் மறுபடி முடுக்கிப் பார்த்ததில் இரண்டு ஸ்குரூ கால் சுற்று உள்ளே போனது. கால் சுற்றுதானே என்று விட்டால், 32 ஆம்பியரில் இரவு முழுக்க அந்த இடம்தான் சூடாகும்.

காரைக் கொண்டுவந்து சோதிப்பதற்கு முன் ஒரு போலிக் கார் செய்துகொண்டேன், இந்த வேலையில் எனக்குப் பிடித்த கருவி இதுதான். ஒரு டைப் 2 பிளக், ஒரு டயோடு, 2.74 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1.3 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு சுவிட்ச். சார்ஜரும் காரும் சைகை பேசிக்கொள்வது பைலட் என்கிற கம்பியில், அதில் சார்ஜர் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். முதல் ரெசிஸ்டரை மட்டும் இணைத்தால் 9 வோல்ட்டுக்கு இறங்கும்: 'கார் வந்துவிட்டது'. சுவிட்சைத் தட்டி இரண்டாவதையும் அதற்கு இணையாகச் சேர்த்தால் மொத்தம் 882 ஓம், 6 வோல்ட்: 'மின்சாரம் கொடு'. உடனே சார்ஜருக்குள் மின்சாரத்தைத் திறந்துவிடும் காண்டாக்டர் டக்கென்று மூடும் சத்தம் கேட்க வேண்டும். பைலட்டில் 1 கிலோஹெர்ட்ஸில் ஓடும் துடிப்பின் அகலம்தான் காருக்குச் சொல்லும் எல்லை, சதவீதத்தை 0.6-ஆல் பெருக்கினால் ஆம்பியர். 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், 25 சதவீதம் என்றால் 15. இந்த அகலத்தை டியூட்டி சதவீதமாகக் காட்டுகிற சாதாரண மல்டிமீட்டர் இருந்தாலே போதும், சர்வர் அனுப்பிய எல்லையைச் சார்ஜர் நிஜமாகவே காருக்குச் சொல்கிறதா என்று பார்த்துவிடலாம். பின்னால் வந்த தலைவலிகளில் பாதியை இந்தப் பெட்டிதான் தீர்த்தது.

சர்வருக்கு ஸ்டீவ் என்கிற திறந்த மூல மென்பொருள். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, ஜாவாவில் எழுதப்பட்டது. சார்ஜரும் சர்வரும் பேசும் மொழி ஓசிபிபி. இதன் 2.0.1 பதிப்பு 2020-லேயே வந்துவிட்டது, ஆனால் நாங்கள் எடுத்தது 2015-ல் வந்த 1.6. கையில் இருந்த சார்ஜர்களுக்குத் தெரிந்தது அதுதான். சார்ஜர் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: 'ஓசிபிபி உண்டு' என்று பெட்டியில் இருப்பது போதாது. சர்வர் சொல்லும் எல்லைக்கு இணங்குகிற ஸ்மார்ட் சார்ஜிங் பகுதியும் உண்டா, சர்வர் முகவரியை நாமே மாற்ற முடியுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு இழுத்துப் பேசினால் அந்த மாடல் வேண்டாம்.

முதலில் ஒவ்வொரு சார்ஜருக்குள்ளும் ஒரு சிம் போட்டோம். உலோகப் பெட்டிக்குள் ஆன்டெனா இருந்ததால் சிக்னல் ஏனோதானோ. அதைவிட மோசம், பேச்சில்லாமல் கொஞ்ச நேரம் கிடந்த இணைப்பை மொபைல் நெட்வொர்க் சத்தமில்லாமல் அறுத்துவிடும், இரண்டு பக்கமும் இணைப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். ரிமோட்டில் 'தொடங்கு' என்று அனுப்பினால் பதிலே வராது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வெப்சாக்கெட் பிங் இடைவெளியை 30 நொடிக்கு இறக்கியதும் இது நின்றது. அதன் பிறகு சிம்களை எல்லாம் எடுத்துவிட்டு, வெளியே ஆன்டெனா வைத்த ஒரே ரவுட்டர், அங்கிருந்து ஒவ்வொரு சார்ஜருக்கும் ஈதர்நெட் கம்பி என்று மாற்றினோம். காலிக் குழாய் அன்றைக்கே பயன்பட்டது.

கார்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யார் ஏற்றுகிறார் என்று காட்டச் சார்ஜரில் வைக்கும் ஒரே ஆர்எஃப்ஐடி கார்டை ஒரு சார்ஜர் 12 34 56 78 என்று படித்தது, இன்னொரு மாடல் 78 56 34 12 என்று படித்தது. பைட் வரிசை தலைகீழ். சர்வரில் சேர்க்கும்போதே இரண்டு வடிவத்தையும் பதிந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

இப்போது முக்கியமான இடம். ஸ்டீவ் தானாகப் பங்கு போடாது, அதனால் பக்கத்தில் ஓடும் சின்னதாக ஒரு புரோகிராமை நாங்களே எழுதினோம். முதல் பதிப்பு எல்லாவற்றையும் வாட்டில் கணக்குப் போட்டது. மொத்தம் 43 கிலோவாட் இருக்கிறது, இப்போது எவ்வளவு போகிறது, மீதி எவ்வளவு, அதைப் பிரி. பார்க்க அழகான கணக்கு. சில நாள் ஓடியும் இருந்தது. பிறகு ஒரு மாலை மெயின் பிரேக்கர் விழுந்தது. தூக்கிவிட்டோம், முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடி மறுபடி விழுந்தது. சர்வர் பதிவில் மொத்தம் 22 கிலோவாட்தான், இருப்பதில் பாதி. பிரேக்கரே பழுது என்று மாற்றக் கிளம்பிவிட்டோம். பேனலைத் திறந்து வைத்திருந்த எலெக்ட்ரீஷியன்தான், "சார், இங்க கொஞ்சம் கையைக் கிட்ட வச்சுப் பாருங்க, இந்த ஒரு ஒயர் மட்டும் கொதிக்குது" என்றார். கிளாம்ப் மீட்டரை மாட்டினோம். அந்த ஃபேஸில் 96 ஆம்பியர். மற்ற இரண்டிலும் பூஜ்யம்.

நடந்தது இது. நின்றிருந்த மூன்று காரும் ஒற்றை ஃபேஸில் ஏற்றுகிற ரகம். அப்படிப்பட்ட கார் முதல் ஃபேஸ் கம்பியை மட்டும்தான் பயன்படுத்தும். எல்லாச் சார்ஜரையும் ஒரே வரிசையில் இணைத்திருந்ததால் மூன்றின் 32 ஆம்பியரும் ஒரே கம்பியில் சேர்ந்துகொண்டன. 63 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றரை மடங்குக்கு உடனே விழாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் விதி. அதனால்தான் ஒவ்வொரு முறையும் நம்மை நம்பவைத்துவிட்டுத் தாமதமாக விழுந்தது. வாட் கணக்கில் இது கண்ணுக்கே தெரியாது.

இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, கம்பியில். முதல் சார்ஜருக்கு 1-2-3, இரண்டாவதற்கு 2-3-1, மூன்றாவதற்கு 3-1-2, நான்காவதற்கு மறுபடி 1-2-3. மூன்று ஒற்றை ஃபேஸ் கார் வந்தாலும் அடுத்தடுத்த சாக்கெட்டில் நின்றால் மூன்று ஃபேஸுக்கும் பிரிந்துவிடும். எந்தச் சார்ஜர் எப்படித் திருப்பப்பட்டிருக்கிறது என்று பதிய ஓசிபிபியிலேயே ஒரு அமைப்பு உண்டு. அதோடு பேனல் கதவின் உள்பக்கமும் மார்க்கரில் எழுதி வைத்தோம், எதிர்காலத்தில் யாராவது 'தப்பாக மாட்டியிருக்கிறார்கள்' என்று நல்லெண்ணத்தோடு திருத்திவிடக் கூடாது. இரண்டு, புரோகிராமில் வாட்டைத் தூக்கிவிட்டு, ஃபேஸ் வாரியாக ஆம்பியர் மட்டும். வரம்பு 60. கார் வந்ததும் மூன்று ஃபேஸும் அதற்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் கழித்து மீட்டர் அளவைப் பார்த்து, தொடாத ஃபேஸைப் பொதுவுக்குத் திருப்பிவிடுவோம். நாம் கொடுத்த எல்லைக்கு ஒரு ஆம்பியர் நெருக்கத்தில் இழுக்கிற கார் இன்னும் கேட்கும் என்று பொருள். 32 கொடுத்தும் 16 மட்டும் இழுக்கிற காருக்கு மீதி வேண்டாம், பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுக்கலாம்.

வரிசையும் முக்கியம். எல்லை மாறினால் அதற்கு இணங்க காருக்கு 5 நொடி அவகாசம் உண்டு. அதனால் குறைக்க வேண்டியவர்களை முதலில் குறைத்து, மீட்டரில் இறங்கியதை உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் மற்றவர்களை ஏற்றுவோம். இன்னொன்று, 6 ஆம்பியருக்குக் கீழே எல்லை என்பதே கிடையாது. அதற்குக் கீழே என்றால் நிறுத்தம்தான், நிறுத்தினால் சில கார்கள் தூங்கிவிடும், மறுபடி கொடுத்தாலும் எழுந்திருக்காது. உரிமையாளர் திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி ஏறாமல் அப்படியே இருக்கும். நான்கு காருக்கு ஆளுக்கு 15 வருவதால் இங்கே அந்தக் கவலை இல்லை.

சரி, சர்வர் காணாமல்போனால்? முதலில் நாங்கள் அனுப்பிய எல்லை அந்த சார்ஜிங் முடியும்வரை செல்லும்படி இருந்தது. இரண்டு கார் தலா 30-ல் ஓடும்போது இணைப்பு அறுந்து, அந்த நேரம் பார்த்து இன்னும் இரண்டு கார் வந்து தலா 15 இழுத்தால் மொத்தம் 90, குறைக்கச் சொல்ல ஆள் இல்லை. இப்போது எல்லை எல்லாம் குத்தகை மாதிரி. எல்லாச் சார்ஜரிலும் அடிப்படை எல்லை 15 என்று நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. அதற்கு மேல் கொடுப்பது எதுவானாலும் இரண்டு நிமிடத்துக்குத்தான் செல்லும், சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கும். புதுப்பிக்க ஆள் இல்லை என்றால் தானாக 15-க்கு இறங்கிவிடும், நான்கு பதினைந்து அறுபது. நடுவில் இரண்டு நிமிடம் 90 போனால் பிரேக்கர் தாங்கும். ஒரு மாடல் முடிவு நேரத்தைக் குறிப்பிட்டு அனுப்பியதை 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்லிவிட்டு, நேரம் முடிந்தும் கண்டுகொள்ளவில்லை. முடிவு நேரத்துக்குப் பதிலாக எத்தனை நொடி என்று கால அளவைக் கொடுத்ததும் ஒழுங்காக இறங்கியது. இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது போலிக் கார்தான்: பைலட்டில் 50 சதவீதம் 25-க்கு விழுகிறதா என்று மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

கணக்கு வழக்கிலும் அதே பிரச்சினை வேறு முகத்தில் வந்தது. இணைப்பு இல்லாதபோது நடந்த சார்ஜிங்கைச் சார்ஜர் தன்னிடமே வைத்திருந்து பிறகு அனுப்பும். அனுப்பியது சர்வருக்கு வந்து சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால் சார்ஜர் அதையே மறுபடி அனுப்பும். ஒருவருக்கு ஒரே ஏற்றத்துக்கு இரண்டு பில். இப்போது சாக்கெட், கார்டு, தொடங்கிய நேரம், தொடக்க மீட்டர் அளவு நான்கும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதைத் தள்ளிவிடுகிறோம். பில் போடுவது முடிவு அளவிலிருந்து தொடக்க அளவைக் கழித்து மட்டுமே. நடுவில் வரும் மீட்டர் அளவுகளைக் கூட்டிப் பில் போடக் கூடாது, அவற்றில் சில வராமலே போகும். ஆஃப்லைனில் தெரியாத கார்டு வந்தால் கொடுப்பதா மறுப்பதா என்று குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. கொடுப்பது என்று முடிவு செய்தோம். சில யூனிட் வசூலாகாமல் போகலாம், ஆனால் பேட்டரி காலியாகி வந்து நிற்பவரை சர்வர் பழுதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புகிற இடத்துக்கு யாரும் இரண்டாம் தடவை வரமாட்டார்கள். இது என் கட்சி, எதிர்க்கட்சி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பொது வலையமைப்பு என்றால் மற்றவர்களின் ஆப்பிலும் நம் சாக்கெட் தெரிய வேண்டும். அதற்கு ஓசிபிஐ 2.2.1, சார்ஜிங் வலையமைப்புகள் தங்களுக்குள் பேசும் மொழி. இடம், கட்டணம், சாக்கெட் காலியா இல்லையா என்பதை எல்லாம் அதில் அனுப்புகிறோம். சிக்கல் என்னவென்றால், பூட்டு சிக்கி பிளக்கே உள்ளே போகாத சாக்கெட்டும் 'காலி' என்றுதான் சொல்லும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனவே சார்ஜர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்புவதை விட்டுவிட்டோம். பக்கத்துச் சாக்கெட்டுகளில் கார் வந்து போய்க்கொண்டிருக்க, ஒன்றில் மட்டும் இரண்டு நாளாக ஒரு யூனிட்கூட ஏறவில்லை என்றால் ஆள் போய்ப் பார்க்கும்படி ஒரு எச்சரிக்கை வரும். எளிமையான விதி, ஆனால் இதுவரை வந்த பழுதுகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்தது இதுதான்.

கேபிள் பொருத்திய சார்ஜரை வாங்காமல் சாக்கெட் வைத்ததில் எனக்கு நிம்மதி. தொங்குகிற கேபிள் மிதிபடும், மேலே கார் ஏறும், திருட்டும் போகும். அவரவர் கேபிளை அவரவர் கொண்டுவருகிறார்கள். கேபிளின் தாங்குதிறனைப் பிளக்குக்குள் இருக்கும் ரெசிஸ்டர் சொல்லிவிடும், 680 ஓம் என்றால் 20 ஆம்பியர், 220 என்றால் 32. 20 ஆம்பியர் கேபிளைக் கொண்டுவந்துவிட்டு ஏன் 32 வரவில்லை என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம். யாரும் படிப்பதில்லை.

அடுத்த இடத்துக்குக் கிடைக்கப்போவது 32 ஆம்பியர் இணைப்புதான். அங்கேயும் பலர் வர வாய்ப்பு இருப்பதால் ஆறு சாக்கெட் வைக்க ஆசை. ஆளுக்குக் குறைந்தபட்சம் 6 என்றால் ஐந்து காருக்கு 30, ஆறாவது கார் காத்திருக்க வேண்டும். எல்லாரும் மூன்று ஃபேஸ் கார் இல்லை என்பதால் நடைமுறையில் ஆறுக்கும் இடம் கிடைக்கலாம், ஆனால் சர்வர் இல்லாத நேரத்து அடிப்படை எல்லை அந்த நம்பிக்கையில் ஓட முடியாது. ஆறு ஆறு முப்பத்தாறு, 32-ஐத் தாண்டுகிறது. சர்வரை நம்பாமல் அங்கேயே பேனலுக்குள் ஒரு சின்னக் கணினியை வைத்து, மெயின் கம்பியில் அளக்கும் மீட்டரை, கருவிகள் பேசும் மோட்பஸ் என்கிற மொழி வழியாகப் படித்துப் பங்கு போடவைக்கலாமா என்று பார்க்கிறோம். அது ஓடினால் இங்கேயும் அதையே கொண்டுவந்து மாட்டிவிடுவோம். மீட்டர் வந்துவிட்டது, மேசை மேல் ஒரு ஹீட்டரோடு இணைத்துச் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது.